நூற்றுப் பதினேழாவது நிமிடம்

ஜப்பான் பெண்கள் கால்பந்து அணி: நான்கு வார வரலாற்றுத் தொடர்

வாரம் 1: முத்துக் கம்பெனியும் இறைச்சிக் கம்பெனியும்

1981 ஜூன் 7, ஹாங்காங். ஆசியப் பெண்கள் கால்பந்து சாம்பியன்ஷிப்பில் ஜப்பான் என்ற பெயரோடு பதினோரு பெண்கள் முதன்முறையாக மைதானத்தில் இறங்கினார்கள். எதிரே சீன தைபே. அந்நாளில் ஆசியாவில் அந்த அணியை அசைக்க ஆளில்லை. ஆட்டம் 0-1 என முடிந்தது. அடுத்து தாய்லாந்திடம் 0-2. இந்தோனேசியாவை மட்டும் 1-0 என வென்றுவிட்டு, முதல் சுற்றோடு ஊர் திரும்பியது ஜப்பான்.

அதே போட்டியில் மூன்றாம் இடம் பிடித்தது எந்த நாடு தெரியுமா? இந்தியா! அதற்கு முந்தைய சாம்பியன்ஷிப் கோழிக்கோட்டில் நடந்தபோது இறுதிப்போட்டி வரை போன அணி அது. 1983-ல் தாய்லாந்தில் மறுபடியும் இறுதிப்போட்டி ஆடியது. அன்றைய ஆசியாவில் நாம் ஜப்பானுக்கு வெகு முன்னால் நின்றோம்.

முப்பது ஆண்டுகள் கழித்து இந்த ஜப்பான் எங்கே போய் நின்றது என்பதுதான் நம் கதை. அதைச் சொல்வதற்கு முன், அது எத்தனை முறை விழுந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஜப்பானில் பெண்களுக்கான தேசியப் போட்டி தொடங்கியதே 1980-ல்தான். அதுவும் முழு ஆட்டம் கிடையாது. அணிக்கு எட்டுப் பேர், பாதிக்கு 25 நிமிடம். பெண்களால் அதற்கு மேல் ஓட முடியாது என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. ஹாங்காங்கில் பதினோரு பேர் ஆட்டம் ஆடப் போன பெண்கள், அப்படிப்பட்ட ஒரு நாட்டிலிருந்து வந்தவர்கள்.

அடுத்த படி 1989. ஜப்பானில் பணம் பொங்கி வழிந்த காலம். ஆறு அணிகளோடு பெண்கள் லீக் பிறந்தது. கோபே நகரின் தசாகி அணிக்குப் பின்னால் இருந்தது முத்து வியாபாரக் கம்பெனி. இன்னொரு அணியின் பெயரிலேயே பிரிமா ஹாம் என்ற இறைச்சிக் கம்பெனி இருந்தது. கம்பெனியில் வேலை, சாயங்காலம் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். கால்பந்து ஆடுவதற்கென்றே ஒரு பெண்ணுக்கு வேலை கிடைக்கும் என்பது அந்த நாட்டுக்குப் புதிது. லீக்கின் புகழைக் கேட்டு நார்வேயிலிருந்து ஹேகே ரீஸே போன்ற உலகத்தர வீராங்கனைகளே ஜப்பானுக்கு வந்து ஆடினார்கள்.

ஆனால் 1991-ல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பை, ஜப்பானுக்கு அதன் உயரத்தைக் காட்டிவிட்டது. பிரேசிலிடம் 0-1. ஸ்வீடனிடம் 0-8. அமெரிக்காவிடம் 0-3. மூன்று ஆட்டங்களில் பன்னிரண்டு கோல் வாங்கிய அணி, ஒன்றுகூட அடிக்கவில்லை.

அந்த 1991-ல் டோக்கியோவின் யோமியுரி பெலேசா அணியில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து சேர்ந்தாள். பெயர் ஹோமரே சவா. ஃபுச்சு நகரத்துப் பெண். அண்ணனின் பின்னாலேயே மைதானத்துக்குப் போய்ப் பந்தை உதைக்கக் கற்றவள். 1993 டிசம்பரில், பதினைந்து வயதில், தேசிய அணிக்கு முதல் ஆட்டம். எதிரணி பிலிப்பைன்ஸ். அந்த ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தாள்.

1995 உலகக் கோப்பையில் பிரேசிலை 2-1 என வீழ்த்தி ஜப்பான் காலிறுதிக்கு வந்தது. அங்கே அமெரிக்கா நான்கு கோல் போட்டு அனுப்பிவைத்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. 1999 உலகக் கோப்பையில் ரஷ்யாவிடம் 0-5, நார்வேயிடம் 0-4. அந்த முடிவுகளோடு 2000 சிட்னி ஒலிம்பிக் வாய்ப்பும் கையை விட்டுப் போனது.

இதற்குள் ஊரில் பணமும் வற்றியிருந்தது. பொருளாதாரம் சரிந்ததும் கம்பெனிகள் முதலில் வெட்டிய செலவு பெண்கள் அணிதான். நிக்கோ செக்யூரிட்டீஸ் அணி 1996, 1997, 1998 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லீக் கோப்பையை வென்றது. மூன்றாவது கோப்பையோடு அணி கலைக்கப்பட்டது. சாம்பியனுக்கே அந்தக் கதி என்றால் மற்ற அணிகளைக் கேட்க வேண்டுமா? பின்னாலேயே வேறு சில அணிகளும் மூடப்பட்டன. சவா அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார்.

இன்னொரு ஒலிம்பிக்கையும் தவறவிட்டால் ஜப்பானில் பெண்கள் கால்பந்தே இருக்காது என்ற பயம் எல்லோர் நெஞ்சிலும் இருந்தது. கடைசி வாசல் 2004 ஏப்ரலில் திறந்தது. ஏதென்ஸ் ஒலிம்பிக் தகுதிப் போட்டியின் அரையிறுதி. வென்றால் ஒலிம்பிக். தோற்றால்?

எதிரே நின்றது வட கொரியா. பதின்மூன்று ஆண்டுகளாக ஜப்பான் வெல்லவே முடியாத அணி. அந்த நேரம் பார்த்து சவாவின் முழங்கால் சவ்வில் காயம். அவர் இறங்குவாரா?

(தொடரும்)

வாரம் 2: ஊசி போட்டுக்கொண்டு ஓடியவர்

2004 ஏப்ரல் 24, டோக்கியோ தேசிய மைதானம். பெண்கள் ஆட்டத்துக்குச் சில நூறு பேர் வந்தாலே பெரிது என்றிருந்த ஊரில், அன்று வந்தவர்கள் 31,324 பேர்.

சவா இறங்கினார். வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு, முழங்காலைச் சுற்றிக் கட்டுக் கட்டிக்கொண்டு இறங்கினார். தொடக்க நிமிடங்களிலேயே ஒரு வட கொரிய வீராங்கனையோடு மோதிப் பந்தைப் பறித்தார். அந்த ஒரு மோதல் போதும். வட கொரியா என்றாலே பின்வாங்கிப் பழகிய அணி முன்னால் நகர ஆரம்பித்தது.

11-வது நிமிடம். சுருட்டை முடி குடைபோல் விரிந்து நிற்கும் எரிகோ அரகாவா முதல் கோலை அடித்தார். இடைவேளை நெருங்கும் வேளையில் வட கொரியத் தற்காப்பு பதறிப்போய்த் தன் வலைக்குள்ளேயே பந்தை அனுப்பியது. 65-வது நிமிடத்தில் மியோ ஒட்டானி மூன்றாவது கோல். 3-0! பதின்மூன்று ஆண்டுக் கணக்கு ஒரே மாலையில் தீர்ந்தது.

அணியைப் பயிற்றுவித்த எய்ஜி உயெதாவுக்கும், மைதானத்தில் அழுதுகொண்டே கட்டிப்பிடித்துக்கொண்ட பெண்களுக்கும், அது ஒலிம்பிக் டிக்கெட்டை விடப் பெரியது. தங்கள் ஆட்டம் பிழைத்துக்கொண்டது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கோடையில் ஜப்பான் கால்பந்துச் சங்கம் இந்த அணிக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிப் பொதுமக்களைக் கேட்டது. தேர்வானது ‘நடேஷிகோ ஜப்பான்’. நடேஷிகோ என்பது ஓர் இளஞ்சிவப்புக் காட்டுப்பூ. ஏதென்ஸில் ஸ்வீடனை 1-0 என வென்று, காலிறுதியில் அமெரிக்காவிடம் 1-2 என்று தோற்றுத் திரும்பினார்கள் நடேஷிகோ பெண்கள்.

2008-ல் அணியின் பொறுப்பு நோரியோ சசாகியின் கைக்கு வந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்கள் உயரமானவர்கள், வேகமானவர்கள். அவர்களோடு தோளுக்குத் தோள் மோதினால் ஜப்பான் பெண்களால் நிற்க முடியாது. ஆகவே மோதலுக்கே இடம் தராத ஆட்டத்தைக் கற்பித்தார் சசாகி. பந்து ஒருவர் காலில் நிற்கக் கூடாது. வாங்கியதும் அடுத்தவருக்கு, அவர் மூன்றாமவருக்கு. பந்தை இழந்தால் இரண்டு பேர், மூன்று பேராகச் சூழ்ந்து உடனே மீட்க வேண்டும். தாக்குதல் ஆட்டக்காரராகவே வளர்ந்த சவாவை நடுக்களத்தில் பின்னால் இறக்கி, எதிரணியின் பந்தைப் பறிக்கும் வேலையைக் கொடுத்தார். முப்பது வயதை நெருங்கிய ஒருவருக்கு அது புது வேலை. சவா ஏற்றுக்கொண்டார்.

பலன் உடனே தெரிந்தது. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் நார்வேயை 5-1 என நொறுக்கினார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதே நார்வே நான்கு கோல் போட்டிருந்தது. காலிறுதியில் சீனாவை அதன் மண்ணிலேயே 2-0 என வென்றார்கள். அரையிறுதியில் அமெரிக்காவிடமும், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனியிடமும் தோற்று நான்காம் இடம். பதக்கம் ஒரு படி தள்ளி நின்றது.

இவ்வளவுக்குப் பிறகும் லீக்கில் ஆடிய பெண்களில் முழுநேரத் தொழில்முறை ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் சிலரே. மற்றவர்கள் பகலில் அலுவலகத்திலோ கடையிலோ வேலை பார்த்தார்கள். சாயங்காலம் பயிற்சிக்கு ஓடினார்கள். தசாகி அணியும் 2008-ல் கலைந்துபோனது. அப்படிப்பட்ட நேரத்தில் நம்பி ஆடத்தக்க கிளப்புகளில் ஒன்று, வடகிழக்குக் கடலோரத்தில் இருந்த மரீஸ். நடத்தியது டோக்கியோ மின்சாரக் கம்பெனி. வீராங்கனைகள் அந்தக் கம்பெனியின் ஊழியர்கள். தேசிய அணியின் கரினா மருயாமா 2009 வரை அங்கே ஆடினார். அயா சமேஷிமா 2011-லும் அந்த அணியில்தான் இருந்தார்.

பயிற்சி மைதானம் ஜே-வில்லேஜ். கடலை ஒட்டி, வரிசையாகப் பச்சைப் புல் மைதானங்கள் கொண்ட தேசியப் பயிற்சி மையம். அங்கிருந்து வடக்கே 20 கிலோமீட்டரில் இருந்தது, இவர்களுக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனியின் மின்நிலையம்.

அந்த மின்நிலையத்தின் பெயர் ஃபுகுஷிமா தாயிச்சி. 2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2 மணி 46 நிமிடம். பூமி ஆடத் தொடங்கியது.

(தொடரும்)

வாரம் 3: ஜெர்மனியின் வாசலில்

நிலநடுக்க அளவு 9. ஜப்பான் அதுவரை பதிவுசெய்ததிலேயே மிகப் பெரிய நிலநடுக்கம். அதன் பின்னால் கடல் வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட நமக்கு அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து 18,000-க்கும் மேல். ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் குளிரூட்டும் அமைப்பு செயலிழந்தது. உலைகள் உருகின. சுற்றுவட்ட ஊர்கள் காலியாயின.

ஜே-வில்லேஜ் விபத்தைச் சமாளிக்கும் படைக்கு முகாமானது. வெள்ளைப் பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் அங்கிருந்துதான் அணு உலைக்குப் போனார்கள், வந்தார்கள். பெண்கள் ஓடிய புல் மைதானங்களில் ஜல்லி கொட்டி வண்டிகளை நிறுத்தினார்கள். மரீஸ் அணி ஆட்டத்தை நிறுத்தியது. பிறகு திரும்பவேயில்லை. சமேஷிமாவுக்குக் கிளப் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் அணியில் போய்ச் சேர்ந்தார்.

உலகக் கோப்பைக்கு மூன்றரை மாதம்தான் இருந்தது. நாடு இப்படிக் கிடக்கும்போது பந்து உதைப்பதா? அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் இருபத்தொரு பேரும் ஜெர்மனிக்குப் போனார்கள். ஆட்டம் முடிந்ததும் மைதானத்தைச் சுற்றி ஒரு பதாகையைப் பிடித்து நடந்தார்கள். பேரிடரில் கைகொடுத்த உலக நண்பர்களுக்கு நன்றி சொல்லும் பதாகை அது.

முதல் ஆட்டத்தில் நியூசிலாந்தை 2-1 என வென்றார்கள். வெற்றி கோல், அயா மியாமாவின் ஃப்ரீ கிக். மெக்சிகோவுக்கு எதிராக 4-0. அதில் சவா மட்டும் மூன்று. பிறகு இங்கிலாந்திடம் 0-2 எனத் தோல்வி. பிரிவில் இரண்டாம் இடம்.

அந்த ஒரு தோல்வியின் விலை பெரிது. காலிறுதியில் எதிரே ஜெர்மனி. போட்டியை நடத்தும் நாடு. 2003, 2007 என அடுத்தடுத்து இரண்டு முறை உலகச் சாம்பியன். 1999-க்குப் பிறகு உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத அணி. ஜப்பான் அதுவரை ஜெர்மனியை வென்றதே இல்லை.

ஜூலை 9, வுல்ஃப்ஸ்பர்க். ஆட்டத்துக்கு முன் வீராங்கனைகளைக் கூட்டி உட்காரவைத்த சசாகி, வியூகத்தோடு வேறு சில படங்களையும் காட்டினார். இடிந்த வீடுகள். சேறு மூடிய தெருக்கள். உடல் ஓய்ந்துபோகும் கட்டத்தில் இந்த ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் சொன்ன செய்தி.

ஜெர்மனி அலையலையாக வந்தது. கார்னருக்கு மேல் கார்னர். உயரமான பெண்கள் தலையால் முட்ட எழும்போதெல்லாம் ஜப்பான் பெண்கள் இருவர் மூவராக நெருக்கி நின்றார்கள். தொண்ணூறு நிமிடம், 0-0. கூடுதல் நேரம்.

108-வது நிமிடம். சவா, ஜெர்மனியின் தற்காப்பு வரிசைக்குப் பின்னால் ஒரு பந்தைத் தள்ளினார். இடைவேளையில் மாற்று வீராங்கனையாக இறங்கியிருந்த ஒருவர் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். வலதுபக்கம், கோல் கம்பத்துக்குக் குறுகிய கோணம். கோல்கீப்பர் நாடின் அங்கரர் முன்னால் வந்தார். அவரைத் தாண்டிப் பந்து எதிர்க்கோடிக்குப் போய் விழுந்தது.

அடித்தவர் கரினா மருயாமா. ஆமாம், ஃபுகுஷிமா மின்நிலையத்தை நடத்திய கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே ஆடிய அதே மருயாமா!

வுல்ஃப்ஸ்பர்க் உறைந்தது. ஜெர்மனி வெளியேறியது. அரையிறுதியில் ஸ்வீடன். பத்தாவது நிமிடத்தில் சவாவின் தவறான பாஸ் எதிரணிக்குக் கோலாகிவிட்டது. அவர் தலை குனியவில்லை. நஹோமி கவாசுமி சமன் செய்தார். 60-வது நிமிடத்தில் சவாவே தலையால் முட்டி முன்னிலை தந்தார். கவாசுமி தூரத்திலிருந்து மூன்றாவதையும் அடித்தார். 3-1.

இறுதிப்போட்டி. எதிரே அமெரிக்கா. அதுவரை இரு அணிகளும் மோதிய 25 ஆட்டங்களில் 22 தோல்வி, 3 டிரா. ஜப்பானின் வெற்றி: பூஜ்யம்.

ஜூலை 17, ஃபிராங்க்ஃபர்ட், 48,817 பேர். முதல் பாதி முழுக்க அமெரிக்கா தாக்கியது. ஆபி வாம்பாக் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. 69-வது நிமிடம், மேகன் ரபீனோ நீளமாக அனுப்பிய பந்தைப் பிடித்து அலெக்ஸ் மார்கன் கோல். 81-வது நிமிடம், அமெரிக்கத் தற்காப்பு பந்தை வெளியேற்றத் தடுமாறிய ஒரு நொடியில் மியாமா புகுந்து தட்டிவிட்டார். 1-1. மறுபடியும் கூடுதல் நேரம்.

104-வது நிமிடம். இடது ஓரத்திலிருந்து மார்கன் தூக்கிப் போட்டார். வாம்பாக்கின் தலை. கோல். 2-1.

அமெரிக்க ரசிகர்கள் எழுந்து ஆடினார்கள். ஜப்பானில் அப்போது விடியற்காலை. நாடு தூங்காமல் டி.வி. முன் உட்கார்ந்திருந்தது. கையில் இருந்தது பதினாறே நிமிடம்.

(தொடரும்)

வாரம் 4: முன் கம்பம்

110 கடந்தது. 115 கடந்தது. களத்தில் கால்கள் துவண்டுகொண்டிருந்தன. 117-வது நிமிடத்தில் ஜப்பானுக்கு ஒரு கார்னர் கிடைத்தது.

பந்தை வைக்கப் போன மியாமாவும் சவாவும் முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள். முன் கம்பம். நெருக்கமான, தாழ்ந்த பந்து. உயரத்தில் அமெரிக்கர்களோடு போட்டிபோட்டுப் பயனில்லை என்பது இருவருக்கும் தெரியும். மியாமா உதைத்தார். பெனால்ட்டி பெட்டிக்கு உள்ளே நின்ற கூட்டத்திலிருந்து சவா ஒருவர் மட்டும் முன்னால் பாய்ந்தார். கோலுக்கு முதுகைக் காட்டியபடி, ஓடும் வேகத்திலேயே, வலது பாதத்தின் வெளிப்பக்கத்தால் ஒரு தட்டு. பந்து திசை மாறி, கோல்கீப்பர் ஹோப் சோலோவைத் தாண்டி, வலைக்குள் போனது.

2-2!

வயது முப்பத்திரண்டு. ஐந்தாவது உலகக் கோப்பை. பதினைந்து வயதில் தொடங்கி, அணிகள் மூடப்பட்டதைப் பார்த்து, அமெரிக்கா போய்த் திரும்பி, முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு ஓடியவரின் கால் அது.

ஆட்டம் இன்னும் முடியவில்லை. கடைசி நொடிகளில் கோலை நோக்கித் தனியாக ஓடிய மார்கனை, அசுசா இவாஷிமிசு விழுந்து தடுத்தார். ரெட் கார்டு. பெட்டிக்கு மிக அருகே அமெரிக்காவுக்கு ஃப்ரீ கிக். ஜப்பான் பத்துப் பேரோடு அதையும் தாங்கியது.

பெனால்ட்டி ஷூட்-அவுட். வட்டமாகக் கூடி நின்ற தன் பெண்களுக்கு நடுவே சசாகி சிரித்துக்கொண்டிருந்தார். அவர்களும் சிரித்தார்கள். இரண்டு முறை பின்தங்கி இரண்டு முறை எழுந்தவர்களுக்கு இனி இழக்க எதுவுமில்லை.

அமெரிக்காவின் முதல் அடி ஷானன் பாக்ஸ். கோல்கீப்பர் அயுமி கைஹோரி ஒரு பக்கம் பாய்ந்தார். பந்து பின்தங்கிய அவர் காலில் பட்டு வெளியே போனது. மியாமா நிதானமாக அடித்தார், கோல். கார்லி லாய்டு கம்பத்துக்கு மேலே தூக்கி அடித்தார். யூகி நகாசாட்டோவின் பந்தை சோலோ பிடித்தார். டோபின் ஹீத்தின் பந்தைக் கைஹோரி தடுத்தார். மிசுஹோ சகாகுச்சி அடித்தது சோலோவின் கையில் உரசியும் உள்ளே போனது. வாம்பாக் கோல் அடித்து அமெரிக்காவின் உயிரைப் பிடித்துவைத்தார்.

அடுத்து நடந்து வந்தவர் சாகி குமகாய். வயது இருபது. இது உள்ளே போனால் கோப்பை. குமகாய் ஓடிவந்து மேல் மூலையைப் பார்த்து உதைத்தார். 3-1. ஆண்கள், பெண்கள் இரண்டிலும் சேர்த்து, கால்பந்து உலகக் கோப்பையை வென்ற முதல் ஆசிய நாடு ஜப்பான்.

எல்லோரும் குமகாயை நோக்கி ஓடியபோது மியாமா மட்டும் எதிர்த்திசையில் போனார். அழுதுகொண்டிருந்த அமெரிக்க வீராங்கனைகளைத் தேடிப் போய் அணைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் தன் அணியின் கொண்டாட்டத்துக்கு வந்தார்.

ஜப்பானில் அன்று ஜூலை 18, திங்கட்கிழமை. தேசிய விடுமுறை. கடலுக்கு நன்றி சொல்லும் ‘கடல் தினம்’. நான்கு மாதம் முன்பு அதே கடலிடம் ஊரையும் உறவையும் பறிகொடுத்த மக்கள், அன்று காலை தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். போட்டியின் சிறந்த வீராங்கனை விருதும், அதிக கோலுக்கான விருதும் ஐந்து கோல் அடித்த சவாவுக்கே. மக்கள் மரியாதை விருது என்ற அரசின் உயரிய கௌரவம், ஓர் அணிக்கு வழங்கப்பட்டது அதுவே முதல் முறை.

பேரிடரின் அனுதாப அலையில் வந்த கோப்பை என்று அப்போதும் சிலர் எழுதினார்கள். இந்த நான்கு வாரமும் படித்தவர்களுக்கு அது எவ்வளவு தவறு என்று புரிந்திருக்கும். படங்களைக் காட்டி ஓர் ஆட்டத்துக்கு உரமேற்றலாம். முன் கம்பத்தில் பாதத்தின் வெளிப்பக்கத்தால் பந்தைத் திருப்புவதை ஒரு படம் கற்றுத்தராது. அதைக் கற்றுத்தந்தது, வாராவாரம் ஆடிய லீக். ஆறு அணிகளோடு தொடங்கி, பணம் போன பின்னும், சாம்பியன் அணியே கலைந்த பின்னும், யாரோ சிலர் விடாமல் நடத்திய லீக்.

கோப்பைக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டதா? 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குப் புறப்பட்டபோது ஆண்கள் அணி பிசினஸ் கிளாஸில் உட்கார்ந்தது. உலகச் சாம்பியன்களான பெண்கள் அதே விமானத்தில் அதற்குக் கீழான வகுப்பில் உட்கார்ந்தார்கள். வெம்ப்ளியில் 80,203 பேர் முன்னிலையில் இறுதிப்போட்டி ஆடி, அமெரிக்காவிடம் 1-2 எனத் தோற்று, வெள்ளிப் பதக்கம் பெற்ற பிறகுதான் திரும்பும் பயணத்தில் அவர்களுக்கும் பிசினஸ் கிளாஸ் கிடைத்தது.

2015 உலகக் கோப்பையில் மூன்றாம் முறையாக அதே எதிரி. வான்கூவரில் முதல் பதினாறு நிமிடத்தில் நான்கு கோல் விழுந்தது. மூன்று லாய்டு அடித்தவை. 2-5. அந்த ஆண்டோடு சவா விடைபெற்றார். ஆறு உலகக் கோப்பைகள், 205 ஆட்டங்கள், 83 கோல்கள். அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்குக்கு அணியால் தகுதி பெற முடியவில்லை. சசாகியும் விலகினார்.

ஆனால் இந்த முறை விழுந்தபோது கீழே தாங்குவதற்கு ஆள் இருந்தது. 2011-ஐ டி.வி.யில் பார்த்த சிறுமிகள் வளர்ந்திருந்தார்கள். 2014-ல் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை, 2018-ல் இருபது வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இரண்டையும் ஜப்பான் பெண்கள் வென்றார்கள். மூன்று வயதுப் பிரிவுகளிலும் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற முதல் நாடு என்ற பெயர் அதோடு வந்தது. 2021-ல் முழுத் தொழில்முறை லீக்கும் தொடங்கியது. உலகக் கோப்பையை வென்று பத்து ஆண்டு கழித்து! 2023 உலகக் கோப்பையில், பின்னர் சாம்பியனான ஸ்பெயினை 4-0 என வீழ்த்தியது ஜப்பான். அந்தப் போட்டியின் அதிக கோல்களை அடித்தவரும் ஒரு ஜப்பான் பெண்தான், ஹினாட்டா மியாசவா. ஆனாலும் அந்தப் போட்டியை ஜப்பானில் எந்தத் தொலைக்காட்சி காட்டும் என்பது, தொடக்க ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்புவரை முடிவாகாமலே இருந்தது.

1991-லிருந்து 2023 வரை நடந்த ஒன்பது பெண்கள் உலகக் கோப்பைகளிலும் ஆடிய நாடுகள் உலகத்தில் ஏழுதான். அதில் ஆசியாவிலிருந்து ஒன்றே ஒன்று. ஜப்பானின் சாதனைப் பட்டியலில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இந்த ஒன்பதுதான். 0-8 வாங்கிய ஆண்டிலும் அவர்கள் ஆடினார்கள். பார்க்க ஆளில்லாத ஆண்டிலும் ஆடினார்கள்.

நம் ஊரிலும் பெண்கள் லீக் இருக்கிறது. மதுரையின் சேது அணி 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உலகக் கோப்பை வரட்டும், பிறகு கைதட்டுகிறோம் என்று காத்திருந்தால் அது வராது. உங்கள் ஊர் மைதானத்தில் பெண்கள் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், வீட்டிலிருக்கும் பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். தொண்ணூறு நிமிடமும் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த வாரமும் போங்கள்.

(முற்றும்)